நஞ்சப்பன் வீட்டைத் தவிர ஊரே உயர்ந்த கதை

சென்ற ஆண்டு சித்திரையில் தொடங்கிக் கார்த்திகை முடிவதற்குள் கோயமுத்தூர் நகரம் நாலரை அங்குலம் உயர்ந்தது. மனை விலையைச் சொல்லவில்லை, அது உயர்வது யாருக்கும் செய்தியே இல்லை. மண்ணைச் சொல்கிறேன். அவினாசி ரோடு, அதில் நெரிசலில் நின்ற பஸ்கள், சந்து முனைப் பிள்ளையார், எதிர்வீட்டு பஷீர் பாயின் மாடிப்படி எல்லாம் சேர்ந்தாற்போல் மேலே போயின. இருந்த இடத்திலேயே நின்றது நஞ்சப்பனின் ஓட்டு வீடு ஒன்றுதான். நம்பிக்கை வராதவர்கள் ஆழ்குழி மற்றும் அடித்தூண் கண்காணிப்பு ஆணையத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்க்கலாம். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தியிருக்கிறது.

நஞ்சப்பன் ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சென்னியம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் புவனா புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் போன் செய்வாள், பத்து நாற்பதுக்கு வைத்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் பேச்சுத் துணைக்கு பஷீர் பாய் இருந்தார். நூல் வியாபாரத்தை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு அவரும் சும்மாதான் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு இருவரும் உட்காருவார்கள். சர்க்கரை அளவு, சிறுவாணித் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்பதற்கு மேல் பேச்சு போகாது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் நஞ்சப்பன் காலையில் கண் விழித்தார்.

சந்தின் ஓரத்தில் இருந்த பழைய குடோனை இடித்துவிட்டு, அங்கே ககனம் டவர்ஸ் என்று இருபத்திரண்டு மாடி வரப்போவதாகப் பலகை நட்டார்கள். இருபத்திரண்டு மாடி மேலே போக வேண்டுமென்றால் கார் நிறுத்த மூன்று மாடி கீழே போக வேண்டுமாம். நாற்பதடிக் குழி. நஞ்சப்பன் வீட்டுச் சுவரிலிருந்து பதினொரு அடி தள்ளி அது ஆரம்பித்தது. குழியின் ஓரம் சரியாமல் இருக்கக் கான்கிரீட் தூண்களை நெருக்கமாக வரிசை கட்டி மண்ணுக்குள் இறக்கினார்கள். அதற்குப் பைல் என்று பெயர். தோண்டத் தோண்ட, இந்தப் பக்க வரிசைக்கும் அந்தப் பக்க வரிசைக்கும் நடுவில் இரும்பு முட்டுக் கொடுப்பார்கள். ஒரு அடுக்கு முட்டு கட்டாயம். பக்கத்து வீடு இருபது மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் தோண்டுவதை நிறுத்திவிட்டு இரண்டாவது அடுக்கும் கொடுத்தாக வேண்டும். இறங்கியதா இல்லையா என்று அளந்து எழுதுவதற்குத்தான் ஆணையம் இருந்தது. சனங்கள் அதைக் குழி ஆபீஸ் என்று சொன்னார்கள்.

எதை அளப்பதென்றாலும் அசையாத இடம் ஒன்று வேண்டும். அதற்கு நிலைப்புள்ளி என்று பெயர். குழியின் ஆழத்தைப் போல மூன்று மடங்கு தூரம் தள்ளி அதை வைக்க வேண்டும் என்று ஆணையமே விதி எழுதியிருந்தது. வைப்பதற்கு இணை ஆணையர் மனோஜ்குமார் நேரில் வந்தார். வந்தது சித்திரை மாதம், பகல் பதினொன்றரை மணி. மூன்று மடங்கு தூரம் சந்துக்கு வெளியே வெயிலில் இருந்தது. நிழல் நஞ்சப்பன் வீட்டு வேப்பமரத்தடியில் இருந்தது. இணை ஆணையர் நிழலில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு நஞ்சப்பன் வீட்டுக் கருங்கல் வாசப்படியைக் காலால் இரண்டு தட்டுத் தட்டி, இதைவிட உறுதியாக என்ன வேண்டும் என்றார். கூட வந்த ஏழு பேரும் அதே நிழலில் நின்றதால் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

படியில் துளை போட்டுப் பித்தளைக் குமிழ் ஒன்றைப் பதித்தார்கள். சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். நஞ்சப்பனுக்குத் துண்டு போர்த்தினார்கள். இன்று முதல் இந்த வட்டாரத்தின் உயரமெல்லாம் இந்தப் படியிலிருந்துதான் கணக்காகும் என்று இணை ஆணையர் பேசினார். நஞ்சப்பன் பெருமையாகத்தான் நின்றார். சென்னியம்மாளை எடுத்த நாளுக்குப் பிறகு அந்த வாசலுக்கு அத்தனை பேர் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு மோகனப்பிரியா வர ஆரம்பித்தாள். காரமடைப் பெண். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஆணையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். முக்காலியில் மட்டக் கருவியை நிறுத்தி அதில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். எதிரே அளவுகோலை நிமிர்த்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்தப் பணியிடம் நாலு வருஷமாகக் காலி. ஆகவே நஞ்சப்பன் பிடித்தார். முதலில் தன் வாசப்படிக் குமிழில், அப்புறம் பஷீர் பாய் வீட்டில், அப்புறம் பிள்ளையார் கோயில் மேடையில். முடிந்ததும் அவளுக்குக் காப்பி வைத்துக் கொடுப்பார். அவள் குடித்துவிட்டு, சர்க்கரையை இன்னும் குறைக்கச் சொல்வாள்.

ஆடி மாதம் குழி இருபத்தைந்தடி ஆனது. நஞ்சப்பன் வீட்டுக் குளியலறைக் கதவு சாத்த மாட்டேன் என்றது. தக்காளியைத் தரையில் வைத்தால் குழிப் பக்கச் சுவரைத் தேடி உருண்டது. அதற்கு எதிர்ச் சுவரில் மாட்டிய நாள்காட்டி சுவரை விட்டு இரண்டு விரல் விலகித் தொங்கியது. ஒரு நாள் காலை மோகனப்பிரியா அளந்துவிட்டு, பஷீர் பாய் வீடு இருபத்தாறு மில்லி ஏறியிருக்கிறது என்று எழுதினாள். எழுதிய பிறகு தான் எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நஞ்சப்பன் படித்தது எட்டாவதுதான். ஆனால் முப்பத்து நாலு வருஷம் தராசோடு இருந்தவர். ஒரு தட்டு மேலே போனால் எது கீழே போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வீடு இருபது மில்லிக்கு மேல் இறங்கிவிட்டது என்று பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும், இரண்டாவது முட்டு வந்துவிடும், வீடு பிழைத்துவிடும். அந்த ஒரு வரியைக் கேட்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு குழி ஆபீசுக்குப் போனார்.

மனு வாங்கும் இடத்தில் காளிச்சாமி இருந்தார். மனு வாங்குவதும், அதற்குப் பதிலாக நோட்டீசுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவருடைய வேலை. மரியாதையான மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, உங்க வாசப்படி நிலைப்புள்ளிய உட்டு எத்தன மில்லி எறங்கியிருக்குதுங்க?"

"நிலைப்புள்ளியே என்ற வாசப்படிதானுங்களே."

"அப்பச் சைபருங்க. சைபருக்கு மனு வாங்கறதில்லீங்ண்ணா."

நஞ்சப்பன் விடாமல் மனுவோடு போனார், ஒவ்வொரு தடவையும் பதிவேட்டைப் புரட்டியவர்கள் கண்ணில் மற்ற வீடுகள் ஏறியதுதான் பட்டது. ஆவணியில் நோட்டீசுகள் வந்தன. திட்ட அனுமதி பெறாமல் தங்கள் கட்டடம் இருபத்தாறு மில்லிமீட்டர் உயர்ந்துள்ளது, ஏன் உயர்ந்தது என்று பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், பழைய உயரத்துக்குக் கொண்டுவரும் வரை அதில் குடியிருப்பது விதிமீறல். சந்தில் இருந்த மற்றப் பதினொரு வீட்டுக்கும் வந்தது. பிள்ளையாருக்கும் ஒன்று வந்தது, கதவு எண் இல்லாததால் 'அரசமரத்தடி' என்று போட்டு. நஞ்சப்பனுக்கு மட்டும் வரவில்லை. அவருக்கு, சிறந்த முறையில் அசையாமல் இருப்பதைப் பாராட்டி ஒரு சான்றிதழ் வந்தது. ககனம் டவர்சின் தூண்வரிசையும் அதே அளவு உயர்ந்துதான் இருந்தது. ஆனால் அவர்கள் இருபத்திரண்டு மாடி உயர்வதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள், ஆகவே அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தார்கள். பிறகு சொந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். போகிறவர்கள் நஞ்சப்பனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் ஆபீசுக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் புது நோட்டீசு வருவதை அவர்கள் கவனித்திருந்தார்கள். பூசாரி கூட விபூதியை நீட்டிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பஷீர் பாய் கடைசி வரை இருந்தார். எங்கள் வீடு உயரவில்லை என்று நாலு விளக்கம் எழுதிக் கொடுத்தார். நாலாவது விளக்கத்துக்கு, தாங்கள் உயரவில்லை என்பதை அளந்து நிரூபிக்கவும் என்று பதில் வந்தது. அளப்பதற்கு நஞ்சப்பனின் வாசப்படிதான் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் நாற்காலியைக் கொண்டு வரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"நஞ்சப்பண்ணா, உங்க மேல வருத்தமில்லீங்க. ஆனா நீங்க ஒரு மனுக் கொடுத்தா எனக்கு ஒரு நோட்டீசு வருதுங்க. ஊட்டுல சாஜிதா ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. மக இல்மா அவ ஊட்டுக்கே கூப்புடறா, போறமுங்க."

போங்க பாய் என்றார் நஞ்சப்பன். மறுநாள் ஆறு மணிக்குச் சந்து காலியாகக் கிடந்தது. ஒற்றை நாற்காலியைப் போட்டுப் பார்த்தார், பத்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதற்கிடையில் நிலைப்புள்ளிப் பராமரிப்பு விதிகள் வெளியாயின. நிலைப்புள்ளி இருக்கும் வீட்டின் பாரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பீரோவை நகர்த்தக் கூடாது. குடியிருப்பவர் சம எடையுள்ள மாற்று ஆளை வைக்காமல் வெளியூரில் தங்கக் கூடாது. மாதம் முதல் தேதி காளிச்சாமி எடை பார்க்கும் இயந்திரத்தோடு வந்தார். பதிவின்போது நஞ்சப்பன் அறுபத்து மூன்று கிலோ. புரட்டாசியில் ஐம்பத்தெட்டு. தனக்கு மட்டும் என்ன சமையல் என்று ஒரு வேளை தின்றுகொண்டிருந்தார், அதன் பலன். காளிச்சாமி வருத்தத்தோடு ஐந்து கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கூடத்தில் இறக்கிவைத்தார். அதில் சீட்டு ஒட்டியிருந்தது: 'நஞ்சப்பன் (பற்றாக்குறை)'. கொஞ்ச நாள் அது மூலையில் இருந்தது. பிறகு நஞ்சப்பன் அதைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலியில் வைத்துக்கொண்டார். ரசத்தில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று ஒரு நாள் அதனிடம் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது.

தீபாவளிக்குப் புவனா குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாள். மூன்று பேர், நூற்று நாற்பத்தொரு கிலோ. நஞ்சப்பன் முறைப்படி விண்ணப்பித்தார். பத்துக் கிலோ வரை அனுமதிக்கலாம் என விதி இருப்பதால், குழந்தை மட்டும் வரலாம் என்று உத்தரவு வந்தது. அவர் அதைப் போனில் வாசித்தார். புவனா சிரித்தாள். அப்புறம் டிக்கெட்டும் கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அவள் குரலில் கொஞ்சம் நிம்மதி தெரிந்ததோ என்று நஞ்சப்பனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பை வந்த வழியே அனுப்பிவிட்டு, குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்டார். பத்து நாற்பது ஆகிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழியில் இரவும் பகலும் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். தண்ணீரோடு வண்டலும் போயிற்று. வீட்டுச் சுவரில் கை நுழையும் விரிசல் விட்டது. படுத்தால் தலைப்பக்கம் இறங்குகிறது என்று நஞ்சப்பன் திரும்பிப் படுத்தார், மறுவாரம் அதுவும் சரியாக இல்லை. பதிவேட்டின்படி ஊர் மட்டும் உயர்ந்துகொண்டே போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் மோகனப்பிரியா காப்பியைக் கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்திருந்தாள்.

"ஐயா, நேத்து ரயில்வே பாலத்துல ஒசரம் வெட்டி வெச்ச கல்லுல இருந்து இங்க வரைக்கும் மட்டம் எடுத்துப் பாத்தனுங்க. ஊரு ஏறவே இல்லீங்க. உங்க ஊடுதானுங்க எறங்கியிருக்குது. நூத்திப் பதினாலு மில்லி."

நஞ்சப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். வீடு போய்க்கொண்டிருக்கிறது என்ற செய்திக்கு எந்த மனிதனும் அழத்தான் செய்வான். அவர் அழுதது அதற்கில்லை. ஆடி மாதத்திலிருந்து தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை இன்னொரு வாய் சொல்லிவிட்டது, அதற்காக அழுதார். மோகனப்பிரியா காப்பியைக் கீழே வைத்தாள். அப்புறம் பதிவேட்டைத் திறந்து, குறிப்பு என்ற பத்தியில் அதை மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டில் எழுதியதை அடிக்கவோ திருத்தவோ கூடாது. அதுவும் ஆணையத்தின் விதிதான்.

ஆபீசில் அமளியாகிவிட்டது. மறுவாரம் விசாரணைக்கு நஞ்சப்பனைக் கூப்பிட்டார்கள். இணை ஆணையர் நடுவில் இருந்தார். சுவரில் கோயமுத்தூர் படம் மாட்டியிருந்தது, உயர்ந்த பகுதிகளெல்லாம் பச்சை. நஞ்சப்பன் வீடு மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. நஞ்சப்பன் எழுந்து, அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்து முட்டுக் கொடுக்கச் சொன்னால் போதும் என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. இணை ஆணையர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"நஞ்சப்பன், நீங்க உங்க ஊட்ட மட்டும் யோசிக்கறீங்க, நான் ஊரையே யோசிக்கறேனுங்க. உங்க ஊடு எறங்குச்சுன்னு நான் எழுதிப்போட்டா, எட்டு மாசமா ஊரு ஏறுச்சுன்னு போட்டனே இருநூத்தி முப்பது கையெழுத்து, அது என்னாகறதுங்க? ஒருத்தர் ஊடு உழுகலாம், அது இயற்கை. ஆபீசு கையெழுத்து உழுந்துச்சுன்னா நாளைக்கு எந்த ஊட்ட நம்பி எவன் குடியிருப்பான், சொல்லுங்க."

சுற்றி இருந்தவர்கள் தலையசைத்தார்கள். நஞ்சப்பனும் பழக்க தோஷத்தில் தலையசைத்துவிட்டார்.

முடிவில் துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு இருதரப்புக்கும் பாதகமில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தது. ஊர் உயர்ந்ததும் உண்மை, வீடு இறங்கியதும் உண்மை. வீடு நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர் இறங்கியதாக உத்தரவு தரலாம். அந்த உத்தரவு வீட்டுக்காரர் கையில் முறைப்படி கொடுக்கப்பட்ட மறு நிமிஷமே தோண்டுவது நின்று முட்டு வேலை தொடங்கும். பித்தளைக் குமிழைப் பிடுங்கி வேறு இடத்துக்கு மாற்றலாம். அனுமதியில்லாமல் ரயில்வே பாலத்தை நம்பிய குற்றத்துக்கு மோகனப்பிரியாவைப் பவானிக்கு மாற்றலாம். அங்கே குழி எதுவும் இன்னும் தோண்டவில்லை, தோண்டும்வரை அவள் காத்திருக்கலாம்.

அவள் போவதற்கு முன் ஒரு தடவை வந்து சொல்லிக்கொண்டாள். நஞ்சப்பன் பஸ் நம்பரெல்லாம் விசாரித்து, பத்திரமாகப் போகச் சொல்லி அனுப்பினார். அடுத்த நாள் எட்டு மணிக்கு யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குமிழைப் பிடுங்கின பிறகு எடை பார்க்கக்கூட ஆள் வரக் காரணம் இல்லாமல் போய்விட்டது. மணல் மூட்டையையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

கார்த்திகை இருபத்தெட்டாம் தேதி காலை காளிச்சாமி மொபெட்டில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, வந்துருச்சுங்க. நீங்களே படிச்சுப் பாருங்க."

நஞ்சப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் கேட்ட வரி இருந்தது. இறங்கியது என்று தெளிவாக அச்சடித்திருந்தது, முத்திரையும் இருந்தது. அவர் மனம் நிறைந்துவிட்டது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். காளிச்சாமி இடத்தைக் காட்டினார். அதற்குக் கீழே இன்னும் இரண்டு கோடு இருந்தது. உத்தரவைக் கையில் கொடுத்ததற்குச் சாட்சியாக அதே தெருவில் குடியிருக்கும் அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இருவரும் வாசலுக்கு வந்து சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பதினொரு வீட்டிலும் பூட்டுத் தொங்கியது. குழிக்கு அந்தப் பக்கம் மண்வாரி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருக்கும் காவல்காரர் கம்பெனி ஆள், அவர் சாட்சியாக முடியாது. பூசாரி வேறு வார்டு. நஞ்சப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு பஷீர் பாய்க்குப் போன் போட்டார். மூன்று மாதம் கழித்துப் பேசுகிறார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாய், இப்பவே வாரேனுங்ண்ணா, ஆட்டோ புடிக்கறேன் என்றார். பக்கத்தில் நின்ற காளிச்சாமி மெதுவாக, இப்போது அவர் குடியிருக்கும் கதவு எண் எந்தத் தெருவில் என்று கேட்டார். நஞ்சப்பன் புரிந்துகொண்டார். வேண்டாம் பாய், வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"வேற யாருமே இல்லீங்களா, அண்ணா?"

காளிச்சாமி விதிக்காகத்தான் கேட்டார். மூன்று வருஷமாக நஞ்சப்பனை யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துதான் அவர் கல்யாணம் கருமாதிக்குக்கூடப் போவதைக் குறைத்திருந்தார். இப்போது வாசலில், பகலில், ஒரு குமாஸ்தா கேட்டுவிட்டார்.

"இல்லீங்க," என்றார்.

காளிச்சாமி உத்தரவைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். நேரில் சென்றதில் அக்கம்பக்கத்தில் எவரும் இல்லை, ஆகவே உத்தரவை வழங்க இயலவில்லை என்று அதில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. கீழே ஒரே ஒரு கோடுதான் இருந்தது. நஞ்சப்பன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இதற்குச் சாட்சி வேண்டாமா என்று கேட்டார். இதற்கு உங்கள் கையெழுத்து ஒன்றே போதும் என்று காளிச்சாமி சொன்னார்.